கடற்பாசியை எடுக்கும் நேரம்

குன்சான் துறைமுகத்துச் செம்முல் சபையின் விசுவாசிகளுக்கும், அவர்தம் குடும்பத்தாருக்கும், இனி பிறக்கவிருக்கும் சந்ததியாருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: பரிசுத்த ஆவியானவர் இதுகாறும் தம் சித்தப்படி அளித்துவந்த வரங்கள், வருகிற ஞாயிறு முதல் நூற்று இருபத்தைந்து கேள்விகள் கொண்ட படிவத்தின் வழியே கண்டறியப்பட்டு, முறைப்படி ஒதுக்கீடு செய்யப்படும். பென்சில் அவரவர் கொண்டுவர வேண்டும்.

அறிவிப்பை எழுதியவர் தாக் மூப்பர். போதகர் பாங் சியோலில் மூன்று நாள் கருத்தரங்குக்குப் போய், ஒரு பெட்டி படிவங்களோடும் தொண்டைக்கட்டோடும் திரும்பிவந்தபோது, "சின்னதா ஒரு அறிவிப்பு எழுதிக் கொடுங்க மூப்பரய்யா" என்றுதான் கேட்டார். தாக் மூப்பருக்குச் சின்னதாக எதையும் எழுத வராது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, துணைத் தலைமை ஆசிரியராகவே ஓய்வு பெற்றவர். தலைமை ஆசிரியர் நாற்காலி அவர் கண்ணெதிரே நான்கு முறை காலியானது. நான்கு முறையும் வேறு ஆள் வந்து உட்கார்ந்தார். சபையில்தான் அவருக்கு முன்னால் யாரும் கிடையாது. இருப்பது ஒரே மூப்பர். ஞாயிறுதோறும் பிரசங்கத்துக்கு முன் சபையார் சார்பில் ஏறெடுக்கும் ஜெபம் இருபத்திரண்டு வருடமாக அவருடைய சொத்து.

அது பத்தொன்பது நிமிட ஜெபம். உலகப் படைப்பில் புறப்பட்டு, ஜலப்பிரளயத்தைக் கடந்து, நாட்டின் அதிபர், எல்லையில் நிற்கும் சிப்பாய்கள், வடக்கும் தெற்கும் ஒன்றுசேர்தல், மங்கோலியாவில் குளிரில் வாடும் மிஷனரிகள், கல்லூரித் தேர்வு எழுதும் பிள்ளைகள், மூட்டுவலிக்காரர்கள், போதகரின் தொண்டை என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, கண்ணுக்குத் தெரியாமல் ஊழியம் செய்யும் கைகளில் வந்து முடியும். சபையின் முன்வரிசை ஜலப்பிரளயத்திலும், பின்வரிசை அதற்கும் சற்று முன்பாகவும் தூங்கிப்போகும். தலைகள் தொங்குவதைப் பயபக்தி என்று மூப்பர் எடுத்துக்கொள்வார்.

இந்த இலையுதிர் காலத்தில் சபைக்கு அறுபதாம் ஆண்டு விழா. வட்டாரத்துப் பெரிய போதகர்கள் எல்லாம் வருகிறார்கள். அன்றைக்கென்றே பதினோரு பக்க ஜெபம் ஒன்றை மூப்பர் வசந்த காலத்திலிருந்து எழுதித் திருத்தி, தோல் உறையில் வைத்திருந்தார். அந்தப் பதினோரு பக்கத்தையும் அந்தப் பெரியவர்கள் முன்னால் ஒரு தடவை வாசித்துவிட்டால், அந்த நான்கு நாற்காலிகளையும் மன்னித்துவிடலாம் என்று மனதுக்குள் ஓர் ஏற்பாடு.

ஆகவே படிவத்தைக் கண்டு அவர் அஞ்சவில்லை. ஒன்று என்றால் 'ஒருபோதும் இல்லை', ஐந்து என்றால் 'எப்போதும்'. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பூன்-ஐ எட்டிப்பார்த்தாள்.

"என்னங்க, 'பலர் முன்னால் பேசப் பிடிக்கும்'ங்கறதுக்கு ஒண்ணா போட்டிருக்கீங்க?"

"பின்னே? ஒரு மூப்பர் தனக்குத்தானே அஞ்சு போட்டுக்கறதா? அடக்கம்னு ஒண்ணு இல்லையா?"

"'பிறர் கவனிக்காத சிறு வேலைகளை மகிழ்ச்சியோடு செய்வேன்'... இதுக்கு அஞ்சா? நேத்து குப்பையக் கொட்டச் சொன்னேனே!"

"பாஸ்டருக்கு என்னைத் தெரியும், விடு."

"பாஸ்டருக்குத் தெரியும். கூட்டிப் பார்க்கற கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

தெரியவில்லை. அடுத்த ஞாயிறு அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தது. தாக் பியோங்-ஹோ, மூப்பர்: பணிவிடை வரம், எழுபத்தைந்துக்கு எழுபத்தைந்து. ஒதுக்கீடு: சமையலறை. சபை ஜெபம் குக் ஜே-மின் என்பவனுக்குப் போயிருந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. எல்லாக் கேள்விக்கும் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்ட வெகுளி.

"மூப்பரய்யா, நான் அழுதுட்டேன்" என்றார் போதகர், மூப்பரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு. "இத்தனை வருஷம் மனசுக்குள்ள பாத்திரம் கழுவணும்ங்கற தாகத்தோட மேடையில நின்னிருக்கீங்களே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

இல்லை, நான் அடக்கத்துக்காகப் பொய் சொன்னேன் என்று ஒரு மூப்பர் எப்படிச் சொல்வது? "ஆமென்" என்றார். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய ஜெபம் அதுதான்.

சமையலறை ஆலயத்துக்கு அடியில், நிலவறையில் இருந்தது. அதை ஆண்டுகொண்டிருந்தவர் மேங் சூன்-ரே. நாற்பது வருடம் சந்தையில் மீன் விற்ற எழுபத்துநாலு வயது அம்மாள். படிவம் அவருக்குத் தீர்க்கதரிசன வரம் என்று சொல்லியிருந்தது. போதகர் அவரை மேலே அழைக்க வந்தபோது, "வரப்போறது எனக்கு நல்லாத் தெரியுது பாஸ்டர். நான் மேல வந்தா இங்க சூப் கெட்டுப்போகும்" என்று முதல் தீர்க்கதரிசனத்தை அங்கேயே உரைத்து, விஷயத்தை முடித்துவிட்டார்.

"வாங்க மூப்பரய்யா" என்று ஒரு பூப்போட்ட ஏப்ரனை நீட்டினார். "பெரிய அளவுல இது ஒண்ணுதான் இருக்கு. பூவைப் பார்க்காதீங்க."

முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து சபையார் சாப்பிடும் நூடுல்ஸ் சூப்புக்காக அடுப்பில் நெத்திலியும் காய்ந்த கடற்பாசியும் கொதிக்க, சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் குக் ஜே-மின்னின் குரல் வந்தது. "ஆண்டவரே, நன்றி. நோயாளிகளைப் பார்த்துக்கும். நாங்க ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்காம போய்ச்சேர உதவும். ஆமென்."

சமையலறையில் எல்லாத் தலைகளும் ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பின.

"முடிஞ்சுதா?" என்றாள், வருடக்கணக்காக ஞாயிறுதோறும் அங்கே காய் நறுக்கிவரும் பூன்-ஐ.

"மூச்சு விடறான் போல. இருங்க" என்றார் மேங் அம்மாள். பிரசங்கம் ஆரம்பித்துவிட்டது. "ஐயோ! கடற்பாசி!"

பாசி கூடுதலாகக் கொதித்ததில், அன்று சூப் கொழகொழவென்று கசந்தது. அடுத்த ஞாயிறு பயந்துபோய் முன்னதாகவே எடுத்துவிட்டார்கள். வெந்நீரில் நூடுல்ஸ் போட்ட மாதிரி இருந்தது. சபையார் கிம்ச்சி ஊறுகாயைக் கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, விசுவாசத்தோடு எழுந்து போனார்கள்.

மூப்பர் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கேட்பதுபோலக் கேட்டார். "இருபத்திரண்டு வருஷமா நல்லாத்தானே இருந்துது? இப்ப என்ன கோளாறு?"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பூன்-ஐ அவசரமாக வெங்காயத்தாள் நறுக்கப் போய்விட்டாள். மேங் அம்மாள்தான் வாயைத் திறந்தார்.

"கோளாறு நீங்கதான். நீங்க கீழ வந்துட்டீங்க."

"புரியலையே."

"நீங்க உலகத்தைப் படைக்கும்போது பானையில கடற்பாசியும் நெத்திலியும் விழும். வடக்கும் தெற்கும் ஒண்ணு சேரும்போது கடற்பாசி வெளிய. நாடு சேருதோ இல்லையோ, பாசி வந்துடும். மங்கோலியாவுக்கு முள்ளங்கி. உங்க ஆமெனுக்கு நெத்திலிய அரிச்சு எடுத்துடுவோம். அந்தக் கடிகாரம் நின்னு ஏழு வருஷமாச்சு. யாருக்கும் அது வேண்டியிருக்கல."

மூப்பர் சுவரைப் பார்த்தார். கடிகாரம் நாலேகாலில் நின்றிருந்தது. காது மடல் சூடேறியது.

"அப்படின்னா... நான் சமையல் கடிகாரமா? இருபத்திரண்டு வருஷமா நீங்கல்லாம் என் ஜெபத்தைக் கேக்கறீங்கன்னு நினைச்சேன்!"

"கேட்டோமே!" மேங் அம்மாளின் குரல் மீன்சந்தை அளவுக்கு உயர்ந்தது. "ஒரு வார்த்தை விடாம கேட்டோம். இந்தச் சபையில தூங்காம கேட்டது நாங்க மட்டும்தான்! போன வருஷம் ஜனவரியில மங்கோலியாவ விட்டுட்டுத் தேர்வுக்குத் தாவிட்டீங்க, ஞாபகம் இருக்கா? முள்ளங்கி வேகல. மூப்பருக்கு உடம்பு சரியில்லைன்னு அப்பவே சொன்னேன்."

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்" என்றார் மூப்பர் மெதுவாக. "வீட்டுக்குப் போய் யார்கிட்டயும் சொல்லல. சாயங்காலம் பூசணிக் கஞ்சி வந்தது. இவதான் வச்சான்னு..."

"எனக்குப் பூசணிக் கஞ்சி வைக்கத் தெரியாதுங்க" என்றாள் பூன்-ஐ வெங்காயத்தாளிடமிருந்து. "நாப்பது வருஷமா."

மூப்பர் உட்கார்ந்து, ஒரு வாளி பூண்டை உரித்து முடித்தார்.

விழா நாளும் வந்தது. முந்நூறு பேருக்கு நூடுல்ஸ். எப்போதும் வைக்கும் பானையைப்போல இரண்டு பங்கு பெரிய பானைகள் இரண்டு. மேலே வட்டாரத்துப் பெரியவர்கள் மார்பில் பூ குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூப்பர் பூப்போட்ட ஏப்ரனுக்குள் தோல் உறையைச் செருகிக்கொண்டு வந்திருந்தார். ஏன் கொண்டுவந்தார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. ஒருவேளை குக் ஜே-மின்னுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால்?

கட்டிக்கொள்ளவில்லை. நாற்பது நொடியில் ஆமென் சொல்லிவிட்டு இறங்கினான்.

மேங் அம்மாள் கடற்பாசியைப் பானைகளில் போட்டுவிட்டு, துடுப்பைக் கையில் பிடித்தபடி திரும்பினார். "மூப்பரய்யா, ஆரம்பிங்க."

"இங்கயா?"

"பின்னே பானையத் தூக்கிக்கிட்டு நான் மேலயா வர்றது?"

மூப்பர் தொண்டையைச் செருமினார். உறையிலிருந்து பதினோரு பக்கங்களை எடுத்தார். ஆவியில் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்ள, துடைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். "விண்மீன்களை எண்ணிப் பெயரிட்ட நித்தியரே, அறுபது ஆண்டுகளின் விளிம்பிலே நிற்கிற நாங்கள்..."

"இருங்க இருங்க" என்றார் மேங் அம்மாள். "இது என்ன, புதுசா?"

"விழாவுக்குன்னு எழுதினது."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இதுல வழி தெரியாது. எங்க இறங்கறதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? முந்நூறு பேர் வாய்க்குப் பதில் சொல்லணும். பழசையே சொல்லுங்கய்யா."

மூப்பர் கையில் இருந்த தாள்களைப் பார்த்தார். ஆறு மாத உழைப்பு. மாடிப்படியைப் பார்த்தார். பிறகு கொதிக்கிற பானையைப் பார்த்தார். கடற்பாசி விரிய ஆரம்பித்திருந்தது. அதற்குக் காத்திருக்கத் தெரியாது.

தாள்களை உறைக்குள் வைத்தார். சூடான பானைமூடியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே இறக்குவது என்று தவித்த பூன்-ஐக்கு அந்த உறையை மேசைமேல் வைத்துக்காட்டினார். அவள் தயங்கிவிட்டு, மூடியை அதன்மேல் வைத்தாள். அவர் கண்களை மூடிக்கொண்டு உலகத்தைப் படைத்தார்.

ஜலப்பிரளயம் வடிந்தது. சிப்பாய்கள் காக்கப்பட்டார்கள். வடக்கும் தெற்கும் ஒன்றுசேர்ந்தபோது இரண்டு பானைகளிலிருந்தும் கடற்பாசி சொட்டச் சொட்ட வெளியே வந்தது. மங்கோலியாவுக்கு முள்ளங்கி விழும் சத்தம் கேட்டது. வாழ்நாளில் அவர் ஜெபத்துக்குக் கிடைத்த முதல் உடனடிப் பதில். கடைசியில் "கண்ணுக்குத் தெரியாமல் ஊழியம் செய்யும் கைகளை" என்று வந்தபோது, பழக்கமில்லாமல் கண்ணைத் திறந்துவிட்டார். கைகள் எதிரிலேயே இருந்தன: கொப்புளம் பட்ட கை, செதில் வெட்டித் தழும்பேறிய கை, பூண்டு வாசம் அடிக்கும் தன் கை. நன்றாகவே கண்ணுக்குத் தெரிந்தன. அடுத்த வார்த்தைக்குப் போகாமல் ஒவ்வொரு கையாகப் பார்த்தார்.

"நிறுத்தாதீங்க" என்றார் மேங் அம்மாள், முந்தானை இல்லாத குறைக்குத் தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நெத்திலி இன்னும் ரெண்டு நிமிஷம் கிடக்கணும்."

மூட்டுவலிக்காரர்களுக்காக இன்னொரு தடவை ஜெபித்துவிட்டு ஆமென் சொன்னார்.

வட்டாரத்துப் பெரியவர்களில் மூத்தவர் மூன்று கிண்ணம் குடித்தார். சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை, சபை ஜெபத்தின்போது தான் முழுதாக விழித்திருந்தது பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். போதகர் பாங் பரவசத்தில் எழுந்து நின்று, வேதத்தில் உள்ளபடி கண் கையைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டு, படிவம் எழுபத்தைந்துக்கு எழுபத்தைந்து துல்லியமானது என்றும், ஆவியானவரின் வழிகள் ஆராய்ந்து முடியாதவை என்றும், அடுத்த வருடம் இருநூறு கேள்விகள் கொண்ட படிவம் வரும் என்றும் அறிவித்தார். குக் ஜே-மின் கைதட்டினான். படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தாக் மூப்பர் ஏப்ரனைக் கழற்றவில்லை. அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் கீழேதான் போனார்.

கடிகாரத்துக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பேட்டரி. யாரும் வாங்கவில்லை.