பெ ஒரு பக்கம், டீ ஒரு பக்கம்

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எங்கே என்பதுதான் பிடிபடவில்லை. மகள் மேசை இழுப்பறையைத் திறந்தாள், மெத்தையைத் தூக்கினாள், துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டாள். ஓய்ந்தது, மறுபடி அடித்தது. கடைசியில் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் இருந்தது. அப்பா நேற்று சாயங்காலம் கழற்றி மாட்டிய சட்டை. அவர் இப்போது முன்னறையில், இஸ்திரி போட்ட வேறு சட்டையில், இரண்டு மின்விசிறிகளுக்கு நடுவே படுத்திருந்தார்.

"சார், ரெண்டு எஞ்சினையும் வெளிய எடுத்து வச்சாச்சு," என்றது ஒரு குரல். "ரெண்டு மணிக்கு லாரி கிளம்பிரும். பெட்ரோலா, டீசலா? இன்னைக்குக் காலைல கண்டிப்பா சொல்லிடறேன்னு சொன்னீங்க. மூணு வருஷமா சொல்றீங்க சார்."

"நான் அவர் பொண்ணு பேசறேன்."

"சார் இல்லையா?"

"இல்ல," என்றாள். அவள் பொய் சொல்லவில்லை.

"எப்ப வருவாரு?"

"பன்னெண்டு மணிக்கு மேல போன் பண்ணுங்க," என்று துண்டித்துவிட்டு, போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். காலையிலிருந்து அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டாள். போட்ட நாற்காலியை நகர்த்தினாள். அப்பாவை எடுத்துப்போகும் வண்டி நாலு மணிக்கு என்று சொல்லியிருந்தும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தெருவை எட்டிப் பார்த்தாள். அழ வேண்டும் போலிருந்தது, அதற்கும் நேரம் ஒழியவில்லை.

முன்னறையில் அம்மா வருகிறவர் ஒவ்வொருவரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"காலைல ஏழு மணிக்கு டீ கேட்டாரு. நான் அடுப்பங்கரையில பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். குழாய் சத்தத்துல 'டீ'ன்னு மட்டும் கேட்டுச்சு. இப்பத்தானே குடிச்சீங்க, ஒரு மணி நேரம் ஆகட்டும்னேன். நான் திரும்பிக்கூடப் பாக்கல. அப்புறம் மனசு கேக்காம போட்டுக் கொண்டுபோனா, மேசை மேல தலையைச் சாய்ச்சுக் கிடக்காரு. பத்து நிமிஷம். கடைசியா கேட்டது ஒரு வாய் டீ. அதையும் இல்லைன்னு சொன்ன பாவி நான்."

"குடுத்து வச்சவரும்மா, படுக்கையில விழாம போயிட்டாரு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மகளுக்கு அந்த அம்மாளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அம்மாவின் காதில் அது விழவே இல்லை. அடுத்து வந்தவரிடம் மறுபடி ஏழு மணியிலிருந்து தொடங்கினாள்.

அப்பா எடைக்கல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை போட்ட மனிதருக்குத் தன் வீட்டு விஷயத்தில் தட்டு எந்தப் பக்கமும் தாழாது. சட்டை எடுக்கப் போனால் அரை நாள். மூன்று வருஷத்துக்கு முன் ஆற்றங்கரையில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு சின்னப் படகை வாங்கினார். எட்டு மீட்டர் நீளம். உள்ளே இரண்டு பேர் படுக்க இடம், ஓர் அடுப்பு, முன்னால் வட்டமாக ஒரு ஜன்னல். எஞ்சின் மட்டும் துருப்பிடித்துப் போயிருந்ததால் கழற்றி எறிந்தாகிவிட்டது. நடுவில் அந்தப் பள்ளம் அப்படியே காலியாக இருந்தது. அதில் பெட்ரோல் எஞ்சினை வைப்பதா டீசல் எஞ்சினை வைப்பதா என்பதில் மூன்று வருஷம் போய்விட்டது. அம்மா அந்தப் படகைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். "போயிட்டு வாங்க, அவ காத்துக்கிட்டு இருப்பா," என்று குடையை எடுத்துக் கொடுப்பாள்.

பெட்ரோல் கட்சிக்குத் தலைவர் ஸ்பேனர் மாமா. அம்மாவின் தம்பி, படகு மோட்டார் பழுது பார்க்கும் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வந்து உட்கார்ந்துவிடுவார். "அத்தான், பெட்ரோல் எஞ்சின் பூனை மாதிரி. இருக்கறதே தெரியாது. டீசலைப் போட்டீங்கன்னா ஆத்துல இருக்க மீனெல்லாம் காதைப் பொத்திக்கும்," என்பார். அப்பா சிரித்துக்கொண்டே அடுப்பங்கரைப் பக்கம் குரல் கொடுப்பார்: "சூடா ஒண்ணு வரட்டும், உன் தம்பி இன்னைக்குத் தோக்கப் போறான்!" ஒரு ஞாயிற்றுக்கிழமையும் யாரும் தோற்றதில்லை.

அம்மாவை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. வாடீ, எங்கடீ, கேக்குதாடீ, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று டீச்சர், "அம்மா பேர் என்ன?" என்று கேட்க, மகள் கணீரென்று "வாடீ" என்று சொன்னாளாம். மாமா இதை எந்த விசேஷத்திலும் சொல்லாமல் விடமாட்டார். அவளுக்கு இப்போது முப்பத்தாறு வயசு. இன்னமும் சொல்கிறார்.

அந்த மாமாதான் அவளைக் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"பாப்பா, அக்காவைப் பாத்தியா? அந்த டீயையே பிடிச்சுக்கிட்டு இருக்கா. இப்படியே அவரை அனுப்பிட்டோம்னா அப்புறம் ஆயுசுக்கும் இதேதான். நான் ஒண்ணு சொல்றேன். அவரு கேட்டது டீ இல்ல."

"பின்ன?"

"டீசல். காலைல முடிவு சொல்றேன்னு சொன்னாருல்ல? முடிவு பண்ணிட்டாரு. வாயைத் திறந்தாரு, பாதியில போயிட்டாரு."

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "டீசல்னு நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன்." துண்டால் மூக்கைத் துடைத்தார். "தோத்துட்டேன்னு வச்சுக்கோ. எங்க அக்கா ஒரு வாய் சோறு தின்னா போதும்."

அவளுக்கு மாமா மேல் இத்தனை வருஷத்தில் இல்லாத பிரியம் வந்தது. ஆனால் உடனே தலையாட்ட முடியவில்லை. அவள் வேலை அப்படி. காது கேட்கும் கருவி விற்கும் கடையில் சோதனை செய்கிறவள். இரைச்சலுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாக ஒலிக்கவிட்டு, என்ன கேட்டது என்று எழுதிக்கொள்வாள். பால்காரருக்கு 'பல்' எல்லாம் 'பால்' என்றே கேட்கும். பாதி சொல் காதில் விழுந்தால் மீதியை மனுஷன் தானே போட்டுக்கொள்வான். அம்மாவையும் போன மாதம் கடைக்குக் கூட்டிப்போய்ச் சோதித்திருந்தாள். குறையே இல்லை, இருபது வயசுக் காது.

அப்பா உட்கார்ந்திருந்த மேசைக்குப் போனாள். டீ அப்படியே இருந்தது, மேலே ஆடை படிந்து. யாருக்கும் அதை எடுக்கத் துணிவு வரவில்லை போலும். தம்ளருக்கு அடியில் அப்பாவின் நோட்டு. எடைக்கல் இன்ஸ்பெக்டரின் நோட்டு அல்லவா, பக்கம் பக்கமாக நடுவில் கோடு போட்டிருந்தது. இடது பக்கம் 'பெ'. வலது பக்கம் 'டீ'.

நின்றுகொண்டே படித்தாள். எடை, வேகம், எதிர்நீரில் இழுவை என்று பல பக்கங்கள். அப்புறம் எழுத்து சின்னதாகிக்கொண்டே போயிற்று.

பெ: சத்தம் இல்லை. பேசிக்கொண்டே போகலாம்.

டீ: நாற்றம். அவளுக்கு வாந்தி வரும். பஸ்ஸிலேயே முன் சீட்டுதான்.

பெ: கசிந்தால் ஆவி மேலே போகாது, படகின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். தெரியாமல் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். வேண்டாம்.

டீ: அவ்வளவு சுலபத்தில் பற்றாது. ஆனால் நாற்றம்.

பல பக்கங்களுக்கு இதேதான். கசிந்தால், நாற்றம், கசிந்தால், நாற்றம். கடைசிப் பக்கத்தில், வலது பக்கத்தில் மட்டும், நேற்றைய தேதியில் ஒரு வரி. அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

டீ: புகைக்குழாயைப் பின்னால் நீட்டினால் நாற்றம் பின்னோடு போய்விடும். அவள் வட்ட ஜன்னல் பக்கம் உட்காரட்டும்.

மகள் நோட்டை எடுத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினாள். மாமா சொன்னது சமாதானம் அல்ல, நிஜம். அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அம்மா, அப்பா டீ கேக்கலம்மா. டீசல்னு சொல்ல வந்திருக்காரு. நீ ஒண்ணும் இல்லைன்னு சொல்லல."

"டீசலா?" அம்மாவின் முகம் சுருங்கியது. "எனக்குத்தான் அந்த நாத்தமே ஆகாதே. அதை எப்படி அவரு..."

மகள் வாசித்தாள். முதலில் கடைசி வரியை, அப்புறம் பின்னோக்கி ஒவ்வொன்றாக. வந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"அவள் அவள்னு எழுதியிருக்காரே, யாரு?" என்றாள் அம்மா.

"நீதாம்மா."

"நானா? மூணு வருஷமா அந்தச் சக்களத்தியைப் பத்தில்ல எழுதறாருன்னு நினைச்சேன்." சொல்லும்போதே உதடு கோணி, அம்மா உடைந்து அழுதாள். காலையிலிருந்து இப்போதுதான் அழுகிறாள். ஸ்பேனர் மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

"சொல்லிடு," என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவரு முடிவு பண்ணினது. வரட்டும்."

எல்லாரும் மகளையே பார்த்தார்கள்.

"சார் வந்துட்டாங்களா?"

"அப்பா தவறிட்டாருங்க. இன்னைக்குக் காலைல."

"அய்யோ... நேத்துகூட அரை மணி நேரம் பேசினாரேம்மா. சரி, சரி. எஞ்சின் கிடக்குது, அதை அப்புறம் பாத்துக்கலாம்."

"இல்ல, அனுப்புங்க. அவரு முடிவு சொல்லிட்டுத்தான் போயிருக்காரு."

"அப்படியா? எதும்மா?"

"டீ," என்றாள். மீதிச் சொல் வரவில்லை.

அந்த இடைவெளியில் அந்த ஒலி தனியாக நின்றது, கடையில் அவள் ஒலிக்கவிடும் சொற்கள் நிற்பதுபோல. அப்பா டீ வேண்டுமென்றால் டீ என்று சொல்லவே மாட்டார். சூடா ஒண்ணு என்பார். டீசல் என்று சொல்வதென்றால் போனை எடுத்துச் சொல்லியிருப்பார். அது உள்ளே சட்டைப் பையில் அல்லவா இருந்தது? அடுப்பங்கரையைப் பார்த்து, இந்த ஒலியில் முடியும்படி அவர் சொன்னது நாற்பது வருஷமாக வேறு ஒன்றுதான், வாடீ. அதன் தலையைக் குழாய்த் தண்ணீர் முழுங்கிவிட்டது. வால் மட்டும் அடுப்பங்கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்கு அம்மா, ஒரு மணி நேரம் ஆகட்டும் என்றிருக்கிறாள்.

"ஹலோ? டீன்னா? சரியா கேக்கலம்மா."

மகள் நிமிர்ந்தாள். அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீசல்," என்றாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி. "டீசல்தாங்க. அவரு கடைசியா சொன்னதும் அதேதான்."

"நான் சொல்லல?" என்றார் மாமா எல்லாரையும் பார்த்து. தோற்றவர் முகம் மாதிரியே இல்லை. பக்கத்து வீட்டுக்காரிகூட, "பாருங்க, போற நேரத்துலயும் உங்க நினைப்புதான்," என்று அம்மாவின் தோளைத் தொட்டாள்.

அம்மா மகளை வெகுநேரம் பார்த்தாள். மகள் நோட்டை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். அவளுக்குப் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஆமா, டீசல்தான்," என்றாள் அம்மா. "எனக்குத்தான் காது சரியில்ல. உங்க கடையில எனக்கும் ஒண்ணு பாத்து வை."

அதற்கப்புறம் வந்தவர்களிடம் அம்மா ஏழு மணிக் கதையைச் சொல்லவில்லை. மாமா ஒரு தட்டில் சோறு பிசைந்து கொண்டுவந்தபோது நாலு வாய் வாங்கிக்கொண்டாள். மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. மகளுக்குத்தான் நெஞ்சு ஆறவில்லை. இன்ன வண்டி எண், இன்ன டிரைவர் என்று லாரிக்காரர் அனுப்பிய செய்தியை நாலு தடவை படித்தாள். செருப்புகளை வரிசையாக அடுக்கினாள்.

நாலு மணிக்கு வண்டி வந்து வாசலில் நின்றது. டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு, அடித்திருக்கக் கூடாதோ என்பதுபோல இறங்கி நின்றார். ஆட்கள் எழுந்தார்கள்.

"அக்கா எங்க?" என்றார் மாமா. "பாப்பா, போய்க் கூட்டிட்டு வா."

அம்மா அடுப்பங்கரையில் இருந்தாள். காலையில் நின்ற இடத்திலேயே, முன்னறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தொட்டியில் அந்த டீத் தம்ளர். குழாய் முழுசாகத் திறந்து கொட்டிக்கொண்டிருந்தது. மகள் கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் அம்மா குழாயை இறுக்கி மூடினாள். தலையைச் சற்றே திருப்பினாள்.

"என்னங்க?" என்றாள்.

குழாயின் நுனியில் ஒரு சொட்டு சேர்ந்து கனத்துத் தொங்கியது. அது விழுந்து சத்தம் போடாதபடிக்கு அம்மா அடியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.