சேர்க்காத கோப்புகள்

ஆபீஸில் எனக்கு டாக்டரம்மா என்று பெயர். யாருடைய நகல் கெட்டாலும் என் மேசைக்குத்தான் வருவார்கள். நாங்கள் எழுதும் ப்ரோகிராம் ஒவ்வொரு மாற்றத்தோடும் சர்வரில் சேர்ந்துகொண்டே போகும். அதன் நகல் ஒன்று அவரவர் லேப்டாப்பில் இருக்கும். வேலை நடப்பது அதில்தான். இறங்குவது பாதியில் நின்றுபோனால் நகல் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டை விடுவித்து, குப்பையைத் துடைத்து, சர்வரில் இருப்பதை மறுபடி இறக்க வேண்டும். பத்து நிமிட வேலை. வந்தவரைத் திட்ட இன்னும் ஐந்து நிமிடம் ஆகும்.

என்னிடம் அதிகம் திட்டு வாங்கியவன் என் தம்பி. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் ஆறாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவன் லேப்டாப்பில் என்னவோ இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. சார்ஜ் தீர்ந்து பாதியில் அணைந்துவிட்டது.

அம்மாவுக்குப் பார்வை போய் மூன்று வருடம். அவளுக்காகத் தம்பி ஒரு செயலி எழுதினான்; அதையும் எங்கள் ஆபீஸ் முறையிலேயே ஒரு சர்வரில் சேர்த்து வந்தான். போனை ஒரு பொருளுக்கு நேரே பிடித்தால் அது என்னவென்று சொல்லும். சொன்னது ஒரு இயந்திரப் பெண்குரல்.

"அந்த மகராசி சீப்பைக்கூட ரயில் வருதுங்கற மாதிரி சொல்றா. நீயே சொல்லேன்டா" என்றாள் அம்மா.

"உத்தரவு தாயே."

பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்து, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, முந்நூற்றுச் சொச்சம் சொற்களை லேப்டாப்பில் பதிவு செய்தான். சாவி, சோப்பு, காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை. 'டம்ளர்' என்பதை ஒன்பது முறை சொன்னான். நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து சிரித்தேன். அவற்றை அம்மாவின் போனில் ஏற்றுவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

அவன் போய் ஆறு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு காலை அம்மா கேட்டாள்.

"அவன் குரல் எப்ப வரும்?"

"இன்னிக்கு வந்துடும்மா."

லேப்டாப்பைத் திறந்தேன். நகல் பூட்டிக்கொண்டு கிடந்தது. கை வைப்பதற்கு முன் போல்டரை அப்படியே இன்னோர் இடத்தில் எடுத்து வை என்பது ஊருக்கெல்லாம் நான் சொல்லும் முதல் பாடம். அன்று நான் எடுத்து வைக்கவில்லை. திரையின் ஓரத்தில் 'அக்காவிடம் கேட்க வேண்டியவை' என்று ஒரு பட்டியல் ஒட்டியிருந்தான். இரண்டாவது வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. சீக்கிரம் முடித்து மூடிவிட்டால் போதும் என்றிருந்தது.

பூட்டை விடுவிக்கும் கட்டளையோடு, சேர்க்காத கோப்புகளையும் நீக்கு என்று தட்டினேன். கைப்பழக்கம். சர்வரில் சேர்க்காதது எல்லாம் குப்பை என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். இரண்டு விநாடியில் முடிந்தது. நகல் சரியாகிவிட்டது.

அதில் குரல் இல்லை.

சர்வரில் இருக்கும் என்று தேடினேன். ஐந்து மாதத்துக்கு முன் அவன் எழுதிய குறிப்புதான் இருந்தது. 'ஒலிக் கோப்பு ஒன்றை நீக்கிவிட்டேன். அக்கா திட்டினாள். இனி இங்கே ஒலி எதுவும் வராது.'

ஆமாம், திட்டினேன். "அறிவிருக்கா உனக்கு? சத்தத்தையெல்லாம் இங்க கொண்டுவந்து கொட்டினா, இறங்கறதுக்குள்ள விடிஞ்சிடும்" என்றேன். சொன்னதை அன்றே மறந்தும்விட்டேன். வாழ்நாளில் என் பேச்சை அவன் கேட்டது அந்த ஒரு தடவைதான். கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா, பாவி.

அம்மாவிடம் இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு ரிப்பேர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் எல்லாம் போட்டுப் பார்த்தார்.

"இந்த மாதிரி டிஸ்க்ல அழிச்சா அழிச்சதுதாங்க. யாருங்க அழிச்சது?"

"நான்தான்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் குறிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை சர்வரில் சேர்ந்தது, பிறகு நீக்கினாலும் பழைய நிலைகளில் அப்படியே இருக்கும். நான் திட்டி எடுக்கவைத்த அந்த ஒரு கோப்பு இருந்தது. அதை நீக்கியதற்கு முந்தைய நிலைக்குப் போய் எடுத்தேன். பதினொரு விநாடி.

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். போனை அவள் காதருகே வைத்தேன்.

"ஒண்ணு, ரெண்டு... அம்மா, கேக்குதா? கேக்கலைன்னா அக்காவைக் கூப்பிடு. அவ சரி பண்ணிடுவா."

"கேக்குதுடா" என்றாள் அம்மா.

என் கை இருக்கும் இடத்தைத் தடவிக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள்.

"மீதியையும் போடும்மா."

மீதி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதையே மறுபடி போட்டேன்.