ஐஸ்கிரீம் மீது விழுந்த பழி

பிப்ரவரி மாதம் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. வானம் தெளிந்திருந்தது, குளிர்காற்று மெல்ல வீசிக்கொண்டிருந்தது.

நான் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். பழுது நீக்கிய பெட்டியில் ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமை வைத்து, அது கல்லைப் போல் இறுகிய பின்னரே வேலை முடிந்தது என்று கூறுவது என் வழக்கம். சென்ற வாரம் அக்காள் வீட்டுப் பெட்டியையும் அவ்வாறே சோதித்தேன். கிண்ணத்தை அவள் கணவரான மாமா காலி செய்தார். அடுத்த சில நாட்களில் அவருக்குக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் உண்டாயின. நிமோனியா என்று மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டனர். அன்றிலிருந்து அக்காள் என்னுடன் பேசவில்லை. என்னை வளர்த்தவள் அவளே; ஆதலால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றும் நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். மாமாவின் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. அக்காள் சன்னலைப் பார்த்துப் பேசினாள்.

"சில பேரு பெட்டியைச் சோதிக்கிறேன்னு வீட்டு மனுஷனைச் சோதிச்சிடறாங்க."

"நல்லாத்தான்டி உறைஞ்சிருந்துச்சு," என்றார் மாமா. இருமலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அப்போது மருத்துவர் அம்மையார் பரிசோதனை முடிவுடன் வந்தார். மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்த சளியில் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ் இருந்ததாம்.

"அப்போ ஐஸ்கிரீமால வரலையா டாக்டர்?" என்று வினவினேன்.

"ஐஸ்கிரீம் பாவம், அது என்ன பண்ணும்? இது ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டறது. பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் சளியோட போயிடும். வயசானவங்களுக்குச் சில நேரம் நுரையீரல் வரைக்கும் இறங்கிடும். வீட்டுல யாருக்காவது சளி இருந்துச்சா?"

அக்காளின் பேரன் வீட்டில் மூக்கொழுகத் திரிந்ததும், அவன் கடித்து நீட்டிய பிஸ்கட்டுகளை மாமா விருந்தென உண்டதும் மூவருக்கும் நினைவுக்கு வந்தன.

"என் பேரனையா சொல்றீங்க?" என்றாள் அக்காள். குரலில் ஏறிய கோபம் பாதி வழியிலேயே இறங்கிவிட்டது. பேரனைக் கோபிக்க அவளால் இயலாது.

"அவன் குடுத்தா வைரஸும் ருசிதான்," என்றார் மாமா.

மருத்துவர் குழாயை நீக்கினார். சற்றுப் பொறுத்து, மாமாவின் விரலில் மாட்டிய கருவியைப் பார்த்தார். ஆக்சிஜன் அளவு குறையவில்லை.

"இனிமே குழாய் வேண்டாம். சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்."

அவர் சென்றபின் அக்காள் சன்னலை விட்டுத் திரும்பி, நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"எவ்வளவு நேரம்டா மரம் மாதிரி நிப்ப? உட்காரு. சாப்பிட்டியா?"

உட்கார்ந்தேன். எங்கள் பிணக்கு மாலை நான்கு மணி இருபது நிமிடத்திற்கு முடிவுற்றது.