இருநூற்று இருபது கிராம்

ஜூன் மாதம் சுந்தரவல்லியின் வயிற்றைத் திறந்து, பெருங்குடலில் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவாக வெட்டியெடுத்து, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்து மூடினார்கள். புற்று வேறெங்கும் பரவவில்லை, கீமோ வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார்கள். அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. சாவு இப்போதைக்கு இல்லை என்று உறுதியான மறுநாளே அவளுக்கு ரிங் ஞாபகம் வந்துவிட்டது.

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் பூங்காவில் குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பெண்கள் டென்னிகாய்ட் ஆடுவார்கள். சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டு, இரண்டு மூங்கிலுக்கு நடுவே வலை கட்டி, ரிங் என்கிற ரப்பர் வளையத்தை ஒரு கையால் பிடித்து அதே கையால் எறியும் ஆட்டம். சுந்தரவல்லியும் கீழ்வீட்டு ராஜியும் பதினொரு வருஷமாக ஜோடி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்கள் இறங்கினால் பக்கத்து பிளாக் பெண்கள் முதலிலேயே முகத்தைச் சுளிப்பார்கள். ராஜிக்கு ஜோடி என்ற அந்த இடம் கைவிட்டுப் போகக்கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் சுந்தரவல்லிக்கு இருந்த ஒரே கவலை அதுதான். மற்ற கவலைகளை விஸ்வநாதன் எடுத்துக்கொண்டார்.

அவள் கணவர் விஸ்வநாதனுக்கு எடை அளவைத் துறையில் வேலை. டிஸ்சார்ஜ் சீட்டில் 'மூன்று மாதத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, தினமும் நடக்க வேண்டும்' என்று எழுதியிருந்தது. முதல் பாதியை அவர் ஒரு சட்டமாகவே எடுத்துக்கொண்டார். ஸ்பிரிங் தராசை ஆணியில் மாட்டி வீட்டிலுள்ள அத்தனையையும் நிறுத்தார். தண்ணீர்க் குடம், குக்கர், கிரைண்டர் குழவி, கூலருக்கு நீர் ஊற்றும் பக்கெட். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டினார். 'எடுக்கலாம்.' 'எடுக்கக்கூடாது.' அரிசி டின்னில் 'பாதிக்குக் கீழே இருந்தால் எடுக்கலாம்.'

"நாலே முக்கால் இருக்கு, குக்கர். ஆனா சாம்பார் இருந்தா தொடாத."

"சாம்பாரை எப்பிடி நிறுக்கது?"

"நான் இருக்கும்போது நிறுத்துக்கிடலாம். நீ ஏன் அவசரப்படுத?"

இரண்டாம் பாதியை அவர் விட்டுவிட்டார். இரண்டு மாடிப் படி இறங்கி ஏறுவதற்குச் சீட்டு எழுதத் தெரியவில்லை. அதனால் அவள் படுக்கையறைக்கும் பால்கனிக்கும் நடுவே நடந்தாள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டாள். எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

ஆகஸ்டு கடைசியில், ஒன்பதாவது வாரம், பால்கனியிலிருந்து பார்த்தபோது பூங்காவில் ராஜி சீசனுக்கு முன்பே பழகுவதற்காக ரிங் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே முதல் மாடிக்குப் புதிதாக வந்த ஜ்யோத்ஸ்னா. முப்பது வயது இருக்கும். சல்வார் கமீஸ், காலில் கேன்வாஸ் ஷூ. எட்டாத வளையத்தையெல்லாம் எட்டிப் பிடித்தாள்.

சுந்தரவல்லி உள்ளே போய் அலமாரியிலிருந்து தன் வளையத்தை எடுத்துத் தராசில் மாட்டினாள். இருநூற்று இருபது கிராம்.

அவளும் சும்மா ஆள் இல்லை. இருபத்தாறு வருஷமாக ஓர் அமைச்சகத்தின் நிர்வாகப் பிரிவில் லீவு விதிகளுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கிறவள். சுற்றறிக்கையில் கூடாது என்று இல்லாததெல்லாம் கூடும் என்பது அவள் வேலை கற்றுத்தந்தது. ஐந்து கிலோவில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத பொருளுக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? விஸ்வநாதன் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் வாங்கப் போயிருந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிறங்கினாள்.

"வாடி, வாடி," என்றாள் ராஜி. "யார் உன்னை விட்டா?"

"விதி இடம் கொடுக்கு. போடு."

முதல் வளையம் நெஞ்சுக்கு நேராக வந்தது. பிடித்து எறிந்தாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது இடது தோளுக்கு மேலே, பின்னால் போயிற்று. பதினொரு வருஷப் பழக்கம் அவளைக் கேட்கவில்லை. உடம்பு பின்னால் வளைந்து திரும்பியது, கை நீண்டது, வளையம் விரலில் பட்டது. அதே நேரம் தொப்புளுக்குக் கீழே எதுவோ வெடுக்கென்று இழுத்தது. வளையத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ராஜிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஜ்யோத்ஸ்னா தண்ணீர் கொண்டுவர ஓடினாள்.

விஸ்வநாதன் திட்டவில்லை. இரவெல்லாம் விழித்திருந்தார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், வேகத்தடைகளுக்காகத் தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மாதாஜி, தூங்கறதுக்கா போறீங்க?" என்று இந்தியில் கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.

சர்ஜன் படுக்கச் சொல்லி, நிற்கச் சொல்லி, இருமச் சொல்லி அழுத்திப் பார்த்தார். குடலிறக்கம் இல்லை, தசை பிடித்திருக்கிறது, பதினைந்து நாளில் சரியாகும் என்றார். பிறகு கீழ்த்தளத்தில் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது. அதை அவர் சொல்லவில்லை.

பிசியோதெரபிஸ்ட் ஷ்வேதா டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண். தமிழ் எழுதத் தெரியாது. பேசுவது ஒரு மாதிரி.

"ஆன்ட்டி, ரிங் எவ்ளோ வெயிட்?"

"இருநூத்தி இருபது கிராம்," என்றார் விஸ்வநாதன்.

"அங்கிள், நீங்க சுப், பேசக்கூடாது. ஆன்ட்டி, படுங்க. முட்டியை மடக்குங்க. கையை வயித்துல வைங்க. இப்ப தலையை மட்டும் கொஞ்சமா தூக்குங்க."

தூக்கினாள். உள்ளங்கைக்குக் கீழே வயிறு கல் மாதிரி இறுகியது. தையல் போட்ட கோடு முழுக்க இழுத்தது.

"கையில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ஜீரோ கிலோ. ஆனா வயிறு எவ்ளோ ஜோர், ஃபோர்ஸ் போடுது பாருங்க. திரும்பி வளைஞ்சா இதைவிட ஜாஸ்தி. கையில வெயிட் இல்லேன்னா வயித்துல இல்லேன்னு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் அவள் புகுந்திருந்தாள்.

"அப்போ திரும்புதத்துக்கு எத்தனை கிலோ போட்டுக்கிடலாம்?" என்று கேட்டார் விஸ்வநாதன். அவர் கையில் நோட்டு இருந்தது.

"அங்கிள், வீட்ல இவங்க எவ்ளோ நடக்கறாங்க?"

"பால்கனி வரைக்கும்."

"ரெண்டு மாசமாவா? பாபா ரே. தூக்கறதை நிறுத்தச் சொன்னா நடக்கறதையும் நிறுத்திட்டீங்களா? இவங்களுக்கு நடைதான் மருந்து."

அன்றிலிருந்து காலையும் மாலையும் பத்து நிமிஷம், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டி, குவார்ட்டர்ஸைச் சுற்றி நடந்தாள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். படியேறும்போது நிதானம். எதையாவது எடுக்கும்போதும் எழும்போதும் மூச்சை அடக்காமல் விட வேண்டும். படுத்தபடி தொப்புளை மெல்ல உள்ளிழுத்துப் பிடிக்க ஒரு பயிற்சி உண்டு. அதைச் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். விஸ்வநாதன் பார்த்துவிட்டு, "ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்பார். "முடிச்சிட்டேன்," என்பாள். வயிற்றில் எங்காவது புடைத்தால், வலி கூடினால், காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும் என்று ஷ்வேதா சொல்லியிருந்தாள். எதுவும் வரவில்லை. அக்டோபரில் அவள் வேலைக்குத் திரும்பினாள். சீட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. விஸ்வநாதன் சிலவற்றைத் திரும்ப ஒட்டினார்.

நவம்பரில் ஒரு சாயங்காலம் ராஜியும் நடைக்கு வந்தாள். மூன்றாவது சுற்றில் ஆரம்பித்தாள்.

"ஜ்யோத்ஸ்னா கேக்கறா. இந்த சீசன் என்னோட ஆடலாமான்னு. நன்னா எடுக்கறாடி, பொய் சொல்லமாட்டேன்."

"நானும் பாத்தேன்."

"நீ வருவியா, மாட்டியா? நேராச் சொல்லிடு. நான் அவகிட்ட பதில் சொல்லணும்."

வருவேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆகஸ்டும் ஞாபகம் வந்தது.

"தெரியலை, ராஜி. ஆஸ்பத்திரில அந்தப் பொண்ணு விட்டாத்தான். டிசம்பர் முழுக்க நீ அவ கூடவே ஆடு."

அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நாலு தோசை தின்றாள்.

டிசம்பர் கடைசியில் ஷ்வேதா அவளை நிற்கவைத்து, குனியவைத்து, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுப்பி, வயிற்றின் நடுக்கோட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"அச்சா இருக்கு. ஜனவரில ஆடுங்க. ஃபர்ஸ்ட் ரெண்டு வாரம் நின்ன இடத்துலயே போட்டுப் பிடிங்க. அப்புறம் கேம். ஆனா கோர்ட்ல முன்னாடி பாதி மட்டும். பின்னாடி வளைஞ்சு எட்டி எடுக்கறது இந்த வின்டர்ல கிடையாது. ஒரு கேம்தான். வயிறு கனமாத் தெரிஞ்சா அங்கேயே நிறுத்திடணும்."

"எட்டி எடுக்காம என்ன ஆட்டம்?"

"ஆன்ட்டி, உங்களுக்கு இந்த ஒரு வின்டர் வேணுமா, இன்னும் இருபது வின்டர் வேணுமா?"

இதற்கு விதிகளில் மறுப்பு இல்லை.

ஜனவரி மூன்றாம் ஞாயிறு பதினொரு மணிக்குமேல்தான் பனி விலகி வெயில் வந்தது. பாயில் வேர்க்கடலையும் ஆரஞ்சும் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்; ஓரத்தில் விஸ்வநாதனும். சுந்தரவல்லி இறங்கியதும் பக்கத்து பிளாக்கிலிருந்து யாரோ கை தட்டினார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பரிதாபத்தில் தட்டுகிறார்கள் என்று நினைத்தாள். முதல் நாலு பாயின்ட்டை அவள் எடுத்ததும் தட்டல் நின்றது. அது பிடித்தது.

வலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு குட்டையாக வந்ததையெல்லாம் பிடித்துப் போட்டாள். நீளமாகப் போனதை ராஜி ஓடி ஓடி எடுத்தாள்.

"நான் என்ன உன் வேலைக்காரியாடி?" என்று மூச்சு வாங்கினாள் ராஜி.

"பதினோரு வருஷம் நான் ஓடுனேன். இப்ப நீ ஓடு."

பதினேழுக்குப் பதினேழு இருக்கும்போது எதிர்ப்பக்கத்துப் பெண் கள்ளத்தனமாக ஒன்று போட்டாள். வளையம் சுந்தரவல்லியின் இடது தோளுக்கு மேலே பின்னால் போயிற்று. ராஜி வலது ஓரத்தில் இருந்தாள். எட்டக்கூடிய வளையம்தான். இடுப்பு திரும்ப ஆரம்பித்துவிட்டது. அவள் மூச்சை விட்டாள். கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு, தலையை மட்டும் திருப்பி, அது விழுவதைப் பார்த்தாள். சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே, ஒரு சாண் தள்ளி விழுந்தது.

"அதை எடுத்திருக்கலாம்டி," என்றாள் ராஜி.

"எடுத்திருக்கலாம். பாயின்ட்டை அவங்களுக்குப் போட்டுக்கோ."

அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு ஜ்யோத்ஸ்னா இறங்கினாள். சுந்தரவல்லி அவளைக் கூப்பிட்டு, எதிர்ப்பக்கத்துப் பெண் எப்போது நீளமாகப் போடுவாள், அதற்குமுன் தோள் எப்படி இறங்கும் என்று சொல்லி அனுப்பினாள். பிறகு பாயில், விஸ்வநாதனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வலிக்கா?"

"இல்ல."

"கனமா இருக்கா?"

"பசிக்கி. அந்தக் கடலையை இந்தப் பக்கம் தள்ளுங்க."

அவர் தள்ளினார். அடுத்த ஞாயிறு ஷ்வேதா எத்தனை ஆட்டத்துக்கு விடுவாள் என்று யோசித்துக்கொண்டே அவள் உரித்துத் தின்றாள்.