ஆட்டுக்குள் இருப்பவன்

1

என் பெயர் கோகிலன். வயது இருபது. ஊர் மலேசியாவில் கோலசிலாங்கூர், புக்கிட் பெலிம்பிங். இப்போது இருப்பது அமெரிக்காவில், ஓஹாயோ மாநிலத்தில், ஒரு பல்கலைக்கழக விடுதியின் துணி துவைக்கும் அறையில். நான் போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. எழுத்துத் தமிழில் உரக்கப் பேசுவதால், துணி எடுக்க வருகிறவர்கள் நான் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்து, கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போகிறார்கள்.

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம், வீட்டு வீடியோ காலில் என்னால் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாததுதான். "நீ பேசினா ஒங்க பெரியப்பா விட மாட்டாரு. எழுதிப் போடு, நித்தியா எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டட்டும்" என்றார் அம்மா. ஆக, இது என் தங்கை சத்தமாக வாசிக்கப்போகும் கதை.

[நித்தியா, அடைப்புக்குறிக்குள் இருப்பது உனக்கு மட்டும். வாசித்துத் தொலைக்காதே.]

2

தொடக்கம், முதல் முயற்சி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பாரம்பரியம் என்பது

வேண்டாம். பெரியப்பா தூங்கிவிடுவார்.

இரண்டாம் முயற்சி: அன்று மாலை, கூட்டம் ஆர்ப்பரிக்க, ஓர் ஆடு தனியாக

இதுவும் வேண்டாம். அம்மா அழுதுவிடுவார்.

நேராகவே சொல்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தின் சின்னம் ஆடு. ஏன் ஆடு என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டவனைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நூலக வாசலில் ஒரு வெண்கல ஆடு நிற்கிறது. அதற்கு முதுகு காட்டக்கூடாது என்பதால் பேராசிரியர்கள்கூடப் பின்பக்கமாகவே நடந்து வகுப்புக்குப் போகிறார்கள்.

ஃபுட்பால் ஆட்டம் தொடங்கும் முன் ஆட்டு வேடம் போட்ட ஒருவன் திடலின் நடுவில் வந்து நிற்பான். வாத்தியக் குழுத் தலைவர் அவன் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஆடு உடம்பைச் சிலிர்த்தால் வெற்றி. சிலிர்க்காவிட்டால் தோல்வி. இதுவரை சிலிர்க்காத ஆடு கிடையாது. உள்ளே இருப்பவன் யார் என்பது அவன் பட்டம் வாங்கும் நாள்வரை ரகசியம்.

அவன் நான்தான்.

வேடத்தைப் போட்டு வெயிலில் நிற்க வேண்டும் என்பதுதான் தேர்வு. மற்றவர்கள் ஒவ்வொருவராக மயங்கி விழுந்தார்கள். அவர்கள் வெயில் என்று சொன்னதை நாம் மழை மூட்டம் என்போம்.

[நித்தியா, சாப்பாட்டுக்கூடத்தில் என் மேசையில் யாரும் உட்காருவதில்லை. வேடத்தோடு போனால் என்னைக் கட்டிப்பிடிக்க வரிசையில் நிற்கிறார்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.]

3

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமான பாத்திரம் பெரியப்பா திருச்செல்வம். தோட்டத்து முனீஸ்வரர் கோயில் தலைவர். வாசகர்கள் நம்பவேண்டுமே என்று அவரைக் கொஞ்சம் குறைத்து எழுதிப் பார்த்தேன். குறையவில்லை.

எனக்கு விசா கிடைத்தால் கிடா வெட்டுவதாக அம்மா வேண்டிக்கொண்டார். கிடைத்தது. கிடாவும் வாங்கி வளர்த்தாயிற்று. போன மாதப் பூசையில் மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். ஆடு சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு. அது மாலையைத் தின்றுகொண்டு கல் மாதிரி நின்றது. பூசை தள்ளிப்போனது.

அந்த வாரம்தான் நான் ஆட்டம் முடிந்த களைப்பில், ஆட்டுத் தலையை மட்டும் கழற்றிவிட்டு வீட்டுக்குக் கால் பண்ணினேன்.

"ஐயோ! என்னடா கோலம் இது? ஒடம்பு ஆடா இருக்கு, தல நீயா இருக்க!"

"வேசம்மா. இங்க இது பெரிய மரியாதலா."

"ஏண்டா தண்ணி சொட்டுது?"

"மேல ஊத்துவாங்க. நான் சிலிர்க்கணும்."

திரை முழுக்கப் பெரியப்பாவின் மூக்கு வந்தது.

"சிலிர்த்தியா?"

"சிலிர்த்தேன் பெரியப்பா."

"பாத்தியா புஷ்பா!" என்று அம்மா பக்கம் திரும்பினார். "உத்தரவு குடுக்குற ஆடு அமெரிக்கால இருக்கு. இங்க கட்டிக் கெடக்கறது வெறும் கறிலா!"

"எம்புள்ளையும் ஆடு, அதுவும் ஆடு. இனிமே வெட்டவே கூடாது" என்றார் அம்மா.

"நேர்த்திய நிறுத்துனா அவன் படிப்பு என்னாகும்? நீ பொறுப்பேத்துக்குவியா?"

அப்பா லோரி ஓட்டுகிறவர். வீட்டில் அவருக்கு வழி கிடைப்பது அரிது. "போன மாசம் அது வேணாம்னுதான நின்னுச்சு" என்றார். யார் காதிலும் விழவில்லை. "சரி, அந்த வேசத்த யாரு தொவைக்கிறா?" என்றார் அடுத்து.

கடைசியில் கோயில் கமிட்டி கூடி முடிவெடுத்தது. வரும் ஞாயிறு அங்கே காலைப் பூசை, இங்கே சனிக்கிழமை மாலை ஆட்டம். கடிகாரத்தில் இரண்டுக்கும் ஒரே நேரம். ஆட்டத்தைக் கோயில் டிவியில் நேரலையாகப் போடுவார்கள். "கோகி சிலிர்த்தா வெட்டு. சிலிர்க்கலனா அவுத்து விட்டுருவோம். நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று பெரியப்பா சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார்.

இது கற்பனை அல்ல. இப்படிக் கற்பனை செய்ய எனக்குத் துணிச்சல் கிடையாது.

4

முடிவு அ: சிலிர்க்கிறேன். இங்கே ஆரவாரம், அங்கே கறிக்குழம்பு. எல்லாருக்கும் மகிழ்ச்சி, ஒருவரைத் தவிர. அவருக்கு நான்கு கால்.

முடிவு இ: கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துப் பாசிர் பெனம்பாங் துறைக்கு ஓடி, மீன் படகில் ஏறிக் கடலுக்குள்

நிறுத்துகிறேன். எழுதுகிறவனுக்குப் பயம் வந்தால் ஆடு இப்படித்தான் ஓடும்.

முடிவு ஆ (இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்): நான் அசையாமல் நிற்கிறேன். கிடா பிழைக்கிறது. அணி தோற்கிறது. வேடத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறார்கள். நான் என் காலி மேசைக்குத் திரும்பிப்போகிறேன்.

[நித்தியா, இதைச் சொல்லிவிட்டு இரண்டு தடவை அழித்தேன்.]

இருந்தாலும் ஆ-வைத்தான் தேர்ந்தெடுத்தேன். குளியலறையில் வாளியோடு ஒத்திகை பார்த்தேன். பல்லைக் கடித்தேன், முனீஸ்வரரைக் கூப்பிட்டேன், லோரி ஓட்டும் அப்பாவை நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கழுத்தில் படுவதற்குள் உடம்பு உதறிவிட்டது. இங்கே இலையுதிர் காலம். குழாயில் வருவது பனிக்கட்டியின் தம்பி.

ஆகவே, ஆ என்கிற முடிவை எழுத என் உடம்பு மறுக்கிறது.

5

[நித்தியா, இனி அடைப்புக்குறி கிடையாது. எல்லாவற்றையும் வாசி. பெரியப்பா காதுபட வாசி.]

நான் சனிக்கிழமை சிலிர்ப்பேன். அதில் சாமி இல்லை, குளிர்தான் இருக்கிறது. ஆட்டத்துக்கே போகாமல் இருந்துவிடலாமே என்று கேட்பீர்கள். இந்த ஊரில் என்னைத் தேடி ஆள் வருவது அந்த வேடத்துக்குள் இருக்கும்போது மட்டும்தான். அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, அம்மா.

அதனால் இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதவில்லை. வாசித்தவர், கேட்டவர் யாராக இருந்தாலும் ஓர் உதவி செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை டிவியைப் போடாதீர்கள். உத்தரவு வேண்டுமென்றால் கிடாவிடமே மறுபடி கேளுங்கள்.

தெளிக்கிற தண்ணீர் மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.