மாமா போட்ட பிளாஸ்டிக்

நாலு மணிக்குள் தலைநகரத்து அலுவலகத்தில் என் பட்டச் சான்றிதழைக் காட்டி, அதன் பின்பக்கம் ஒரு முத்திரை வாங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. வாங்கிவிட்டால் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் உத்தியோகம். வாங்காவிட்டால் பட்டியலில் எனக்கு அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த வேலைக்கு வரச் சொன்ன கடிதம்தான் என் பெயரில் வந்த முதல் கடிதம்.

தனியாகப் போகிறேன் என்றேன். யார் விட்டார்கள்?

"எப்படியும் போறோம். பிள்ளைங்களுக்கும் ஊரைச் சுத்திக் காட்டிடலாம்," என்றாள் அக்கா. ஒருத்தி போகிற வேலை ஐந்து பேர் சுற்றுலாவாகிவிட்டது.

அக்காவின் புருஷன், எனக்கு மாமா, குழாய் வேலை செய்கிறவர். எங்கே, எதில் தண்ணீர் புகும் என்பதே அவர் வாழ்நாள் கவலை. அவர் பிளாஸ்டிக் போடாத காகிதம் வீட்டில் குறைவு. கல்யாணப் போட்டோவுக்கே போட்டிருக்கிறார். புறப்படுவதற்கு முந்தின நாள் கடைக்குப் போய், பெயர், முகவரி, அவர் போன் நம்பர் எழுதிய அட்டைகளுக்குப் பிளாஸ்டிக் ஒட்டி, கயிறு கோத்து எடுத்துவந்தார். ஏழு வயதுப் பெரியவளுக்கு ஒன்று, நாலு வயது வாண்டுக்கு ஒன்று, இருபத்து மூன்று வயது எனக்கு ஒன்று.

"மாமா, நான் பட்டதாரி."

"பட்டதாரின்னா தொலைய மாட்டாங்களா? மாட்டிக்கம்மா."

வாண்டைப் பஸ்ஸில் ஏற்றுவதற்காக அக்கா ஒரு பொய் சொல்லியிருந்தாள். தலைநகரத்தில் ராஜா இருப்பாராம். இறங்கியதிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. போக்குவரத்துப் போலீஸைக் காட்டி "ராஜாவா?" ஐஸ் விற்கிறவரைக் காட்டி "ராஜாவா?"

முதலில் அலுவலகம் போய்விடலாம் என்றேன். மிருகக்காட்சிசாலை வழியில்தானே இருக்கிறது என்றார்கள். அங்கே சிங்கம் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. அது எழுந்திருக்கும் என்று முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். எழவில்லை. அடுத்து அருங்காட்சியகம். பெரியவளுக்குச் செருப்பு கடித்தது. வாண்டு கால்சட்டையை நனைத்துக்கொண்டு, இனி நடக்க மாட்டேன் என்று எலும்புக்கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

"சான்றிதழ் ஃபைலைக் குடுங்க மாமா, நான் மட்டும் முன்னாடி போறேன்."

அவர் அக்குளில் இன்னும் இறுக்கிக்கொண்டார். "எங்கிட்ட பத்திரமா இருக்கு. நீ இவனைத் தூக்கு."

என் பட்டத்தை அவர் சுமந்தார். அவர் பிள்ளையை நான் சுமந்தேன். ஈரத்தோடு.

அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று இருபது. ஆறாம் கவுண்டரில் இருந்த அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கை நீட்டினார். மாமா ஃபைலைத் திறந்து, பெருமையோடு எடுத்து வைத்தார்.

சான்றிதழ் பளபளவென்றிருந்தது. இரண்டு பக்கமும் கெட்டிப் பிளாஸ்டிக்.

அட்டைகளோடு சேர்த்து இதையும் கடையில் கொடுத்திருக்கிறார். முந்தாநாள்தான் நான் அதைத் தொட்டுப் பார்த்திருந்தேன்; வெறும் காகிதமாகத்தான் இருந்தது.

"இதுல எங்கம்மா முத்திரை குத்தறது?" என்றார் கவுண்டர் அம்மா. "மை நிக்காது. பல்கலைக்கழகத்தோட புடைச்ச முத்திரையையும் விரலால தடவிப் பாக்கணும். இதுல என்னத்தைத் தடவறது? பிரிச்சுக் கொண்டாங்க."

வராந்தா பெஞ்சில் வைத்து, மாமா சாவிக்கொத்தில் இருந்த சின்னக் கத்தியால் ஓரத்தைக் கீறினார். பிளாஸ்டிக் கொஞ்சம் தூக்கியது. அதோடு காகிதத்தின் தோலும் உரிந்து வந்தது. அடுத்த இழுப்பில் என் பெயர் போயிருக்கும்.

"விடுங்க மாமா."

"மழை கிழை பட்டா..." என்று ஆரம்பித்தார்.

"எந்த மழை? நாலு வருஷம் படிச்சு வாங்கினது. தொடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அக்கா, "அவர் நல்லதுக்குத்தானேடி..." என்றாள். அந்த நல்லதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

மாமா கவுண்டருக்குப் போய்க் கைகூப்பினார். "எம்மேலதான் தப்பும்மா. பொண்ணு மேல இல்ல. நான் படிக்காதவன்." எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தைவிட, அந்தக் கூப்பிய கைகள் மேல் அதிகக் கோபம் வந்தது. இடுப்பில் வாண்டோடு அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

"முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிக் குடுங்க. காரணம், தேதி, கையெழுத்து எல்லாத்தோடயும்."

"எழுதியா?"

"நான் நேரத்துக்கு வந்திருக்கேன். பட்டம் உண்மை. அது எங்கயாவது எழுதியிருக்கணும் இல்ல?"

"நீங்கதான் ராஜாவா?" என்று வாண்டு கேட்டான்.

கவுண்டர் அம்மா சிரிக்கவில்லை. சான்றிதழை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்திரண்டு. திரும்பி வந்தபோது கையில் ஒரு துண்டுத்தாள். "ஆபீசர் பத்து நாள் குடுத்திருக்காரு. பல்கலைக்கழகத்துல மறுபிரதி வாங்கிட்டு வாங்க. வரலேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

பத்து நாளில் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைக்கிறவரை பல்கலைக்கழக வாசலிலேயே உட்காரத் தெரியும்.

வெளியே படிக்கட்டில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம். பெரியவள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். வாண்டு என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிப்போனான். சுற்றிப் பார்க்க வைத்திருந்த கண்ணாடிக் கோபுரம் இன்னும் பாக்கி இருக்கிறது என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

"நாளைக்குப் பல்கலைக்கழகம். அப்புறம் திரும்ப இங்க," என்றேன். "ரெண்டுக்கும் நான் மட்டும்தான் போவேன்."

அக்கா வாயைத் திறந்து மாமாவைப் பார்த்தாள். துண்டுத்தாளை வாங்க அவர் கை தன்னால் நீண்டது. பாதியில் நின்று, மடிக்குத் திரும்பிப் போனது.

நான் தாளை நாலாக மடித்து என் பைக்குள் வைத்தேன். பிறகு கழுத்தில் கிடந்த அட்டையைக் கழற்றி, அவர் பக்கத்தில் வைத்தேன்.