சூனியக்காரி எய்தது

மெத்தை விரிப்பை உருவியபோது சூட்டு ஒத்தடம் கொடுக்கும் செர்ரிக்கொட்டைப் பை தொப்பென்று தரையில் விழுந்தது. கோர்டுலா அதை எடுத்து முகர்ந்தாள். கருகல் வாடை. அப்பாவின் இடுப்பில் வைக்க எத்தனை முறை இதைச் சுட வைத்திருப்பாள் அவரோடு வாழ்ந்த லியோபா?

கீழே காரில் ஹில்டா அத்தை காத்திருந்தாள். அப்பாவின் அடக்கம் இரண்டு மணிக்கு.

"பெட்டிக்குப் பின்னாடி குடும்பம் மட்டும்தான் நடக்கணும். அவ ஊராரோட வரட்டும்," என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். "ஒன்பது வருஷம் கூட இருந்தா பொண்டாட்டியா? ஏழு மணி நேரம் துடிச்சிருக்கான் என் தம்பி. ஒரு டாக்டரக் கூப்பிடல. யோசிச்சுப் பாருடி."

மூன்று நாளாக கோர்டுலா அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். வெடித்தது வயிற்றின் பெரிய ரத்தக்குழாய். லியோபா அதை ஹெக்ஸன்ஷுஸ், அதாவது வெறும் இடுப்புப் பிடிப்பு, என்று நினைத்தாளாம். சூனியக்காரி எய்தது என்று அர்த்தம். இடுப்பில் திடீரென்று ஒரு குத்து விழுந்து ஆள் மடங்கினால், பின்னாலிருந்து எவளோ அம்பு விட்டாள் என்று முன்னோர் நம்பினார்கள். நம்பிக்கை போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. அந்தப் பெயரைச் சொன்னால் இங்கே யாரும் டாக்டரைக் கூப்பிடுவதில்லை. சூட்டுப் பையும் படுக்கையும் போதும்.

லியோபா கறுப்புக் கோட்டில் அறை வாசலில் வந்து நின்றாள். "நான் பஸ்ஸுல வந்துடறேன்."

"ஏன் ஆம்புலன்ஸக் கூப்பிடல?"

"கேட்டுட்டியா? நல்லது." வெறும் மெத்தையில் உட்கார்ந்தாள். "அந்தக் காலத்துல இடுப்பு பிடிச்சா எய்தவ யாருன்னு தேடுவாங்களாம். ஹில்டா மூணு நாளா என்னை அப்படித்தான் பாக்கறா."

"பேச்ச மாத்தாதீங்க."

"மாத்தல. விறகு எடுக்கக் குனிஞ்சவர் நிமிரவே இல்ல. ஹெக்ஸன்ஷுஸ்னு சொல்ல முதல்ல உனக்குத்தான் போன் போட்டார். ஸ்பீக்கர்ல."

கோர்டுலாவின் கை நின்றது. அந்தப் போனில் அவள் அலுவலகப் படியேறிக்கொண்டே பேசியது. 'எய்யறதுக்கு வெளியிலேர்ந்து எவ வரணும் அப்பா? உங்க வீட்டுக்குள்ளயே ஒருத்தி இருக்காளே!' சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"நல்லா சிரிச்சார்," என்றாள் லியோபா. "அப்புறம் ரெண்டு தடவை போனக் கையில எடுத்தேன். 'எய்தவளே டாக்டரக் கூப்பிடறாளா'ன்னு அவர் கிண்டல் பண்ணார். எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. வெச்சுட்டேன். மூணாவது தடவை எடுத்தப்ப அவர் பேசல."

வெளியே பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டியது.

"இத ஏன் அப்புறம் வந்த டாக்டர் கிட்ட சொல்லல? அத்தை கிட்டயாவது?"

"அது நீயும் அவரும் பேசினது."

கார் ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. கோர்டுலா இறங்கிப் போனாள். முன் இருக்கையில் மடியில் மலர்வளையத்தோடு இருந்த அத்தை கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன சொல்றா? மழுப்பறாளா?"

கோர்டுலா கதவைத் திறந்தாள். "அத்தை, கொஞ்சம் பின்னாடி உக்காருங்க."

"எதுக்குடி?"

கோர்டுலா லியோபா இருந்த மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். அத்தை முனகிக்கொண்டே இறங்கினாள். மலர்வளையத்திலிருந்து உதிர்ந்த தேவதாரு ஊசியிலைகள் இருக்கை முழுக்கக் கிடந்தன. கோர்டுலா குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.